ஏழு லிட்டர் என்ஜின், ஒரு தையல் ஊசி

8 ஜனவரி 1977, சனி. துபாய்

இன்று காலை, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, ஒர்க்‌ஷாப்பின் வாட்டர் கூலர் கிழக்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவருக்கு மாற்றப்பட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. வருங்காலத்தவர் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்.

எலக்ட்ரீஷியன் காதர் மைதீன் கிழக்குச் சுவருக்காக வாதாடினார். பிளக் பாயின்ட் அங்கேதான் இருக்கிறது என்பது அவர் கட்சி. மெக்கானிக் கார்மேகம், தண்ணீர் நிழலில்தான் இருக்க வேண்டும், நிழல் வடக்கில்தான் என்றார். மேனேஜர் என்ற முறையில் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதலாளி நேற்றே சொல்லிவிட்டதை நான் தீர்ப்பாக வழங்கினேன். ஏழு எமிரேட்டுகள் ஒரே நாடாவதற்கு எத்தனை கூட்டம் தேவைப்பட்டதோ தெரியாது. ஒரு வாட்டர் கூலருக்கு மூன்று.

கிழக்கு மூலை காலியாக வேண்டியதன் காரணம்: அங்கே நாளை ஒரு கார் குடியேறுகிறது.

9 ஜனவரி

கார் வந்தது. லாரியின் மேல் உட்கார்ந்து வந்தது. ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒன்று இன்னொன்றின் முதுகில் ஏறி வருவது, பெரிய இடத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதை நினைவுபடுத்தியது.

1969 மாடல் கமாரோ. இரண்டே கதவு, நீண்ட மூக்கு. பின்ஸீட்டில் மனிதர்கள் உட்கார முடியாது, மடித்து வைக்கலாம். இதன் சொந்தக்காரர் ஹமத், எங்கள் அர்பாபின் மகன். அர்பாப் இந்த ஒர்க்‌ஷாப்புக்கும் ஊரில் ஓடும் பல டாக்ஸிகளுக்கும் முதலாளி. எங்கள் எல்லோருக்கும் கஃபீல். அவர் வீட்டுக் கையெழுத்து இல்லாமல் நாங்கள் இந்த நாட்டுக்குள் வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. ஹமத் படிப்பதற்காக டெக்ஸாஸ் போனார். பட்டத்தைக் கொண்டுவரவில்லை, காரைக் கொண்டுவந்தார். கார் கப்பலில் அனுப்பக்கூடியது.

ஏப்ரலில் அவருக்கும் அபுதாபியிலிருக்கும் பெரியப்பா மகனுக்கும் ஜெபல் அலி ரோட்டில் ரேஸ். போன வருஷம் தோற்றார். தோல்விக்குக் காரணம் கார்தான் என்று குடும்பத்தில் முடிவாகியிருக்கிறது. ஆகவே பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு ஏழு லிட்டர் என்ஜின். கியர்பாக்ஸ், பின் அச்சு, சைலன்சர், டயர், எல்லாம் புதிது. பழையதில் மிஞ்சப்போவது ஸ்டியரிங்கும் பெயரும்.

சந்தர்ப்பம் பார்த்து என் விஷயத்தைக் கேட்டேன். ஊரிலிருக்கும் மனைவி நீலாவையும் மகள் தாமரையையும் இங்கே கூட்டி வர கஃபீலின் என்.ஓ.சி. வேண்டும். போன மாதத்திலிருந்து இப்படிப்பட்ட காகிதங்களுக்கு ஹமத்தான் கையெழுத்து. பையனுக்குப் பொறுப்பு வரட்டும் என்று அர்பாப் அவரிடம் கொடுத்துவிட்டார்.

“ரேஸ் முடியட்டும், முதீர்” என்றார் ஹமத். மேனேஜருக்கு அரபியில் அப்படிப் பெயர். “நான் ஜெயித்த அன்றைக்கே கையெழுத்து.”

தோற்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

14 ஜனவரி, வெள்ளி

பொங்கல். கடையில் வெல்லம் தீர்ந்துவிட்டது, சர்க்கரை போட்டு வைத்தோம். “இதுக்குப் பேரு பாயசம் சார்” என்றார் மைதீன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

25 ஜனவரி

ஹமத் ஒரு கட்டு அமெரிக்கப் பத்திரிகைகளைக் கொடுத்திருக்கிறார். நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் கேட்டுச் செய்ய வேண்டும். சரித்திரத்தில் எம்.ஏ. வாங்கி, தஞ்சாவூர் பஸ் கம்பெனி ஆபீஸில் டயர் கணக்கு எழுதியவனுக்குக் கிடைத்த முதல் பேராசிரியர் பதவி இது.

“மஸில் காருன்னா என்ன சார்?” என்று கார்மேகம் கேட்டார்.

“தசை. சதைப்பற்றுள்ள கார்.”

“கறிக்கடை வண்டியா?”

“ஆமா மாப்ள” என்றார் மைதீன். “உன்ன ஏத்தி விட்டா எலும்புதான் தேறும்.”

இருவரையும் பற்றி எழுதி வைக்க வேண்டும். கார்மேகம் மதுரை டாக்ஸி ஸ்டாண்டில் நெடுங்காலம் இருந்தவர். அங்கே அவர் பெயர் மைலேஜ் கார்மேகம். மூன்று வருஷம் முன்பு பெட்ரோல் விலை ஏறியபோது, அவர் வீட்டு வாசலில் அம்பாஸடர்கள் ரேஷன் கடை வரிசை போல நின்றனவாம். மைதீன் கீழக்கரைக்காரர், பஸ்களுக்கு வயரிங் செய்தவர். இருவருக்கும் ஒரே அறை, ஒரே சட்டியில் சோறு. ஆனால் காரின் பானெட்டைத் திறந்துவிட்டால் இரண்டு நாடுகள். என்ஜின் கார்மேகத்துடையது, வயர் போகும் இடமெல்லாம் மைதீனுடையது. ஒருவர் பகுதியில் இன்னொருவர் கை வைத்தால் அன்றைக்குச் சமையல் கிடையாது. ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் டிஸ்ட்ரிபியூட்டர், உட்கார்ந்திருப்பது என்ஜினில். ஆனால் வயர்கள் அதிலிருந்து புறப்படுகின்றன. நான் எல்லைக் கமிஷனாக அமர்ந்து அதை மைதீனுக்கு ஒதுக்கினேன்.

6 பிப்ரவரி

என்ஜின் வந்துவிட்டது. மரப்பெட்டியைப் பிரித்ததும் கார்மேகம் சுற்றிச் சுற்றி வந்தார். “லாரிக்கு வைக்கிறத வழி தப்பி அனுப்பிட்டானா சார்?” என்றார். இல்லை, இதுதான் என்றேன்.

உள்ளே இறக்கினோம். அதாவது இறக்கினார்கள், நான் “மெதுவா, மெதுவா” என்றேன். எல்லாம் பொருந்தியது. பானெட் மட்டும் மூட மறுத்தது. கார்புரேட்டர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பத்திரிகையில் இதற்கும் வழி இருக்கிறது: பானெட்டில் ஓட்டை போட்டு, மேலே ஒரு மூக்கு வைத்துவிட வேண்டும். காற்றையும் அது உள்ளே இழுக்குமாம். இந்த ஊரில் காற்றோடு மணலும் வரும் என்பதைப் பத்திரிகை எழுதவில்லை. கார்மேகம் தகரத்தை மரக்கட்டை மேல் வைத்துத் தட்டித் தட்டி மூக்கு செய்தார். உள்ளே வடிகட்டி வைத்தார். நன்றாகவே இருக்கிறது, கொஞ்சம் சளி பிடித்த மூக்கு போல.

நீலாவின் கடிதம். ஏப்ரல் கடைசியில் அவள் பாடம் நடத்தும் பள்ளி மூடுகிறது. அதற்குள் ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிட வேண்டும்: வருகிற வருஷம் சம்பளமில்லா லீவு வேண்டுமா, வேண்டாமா. லீவு என்றால் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். “நீங்கள் காரைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்கு எந்த ஸீட் என்று எழுதவில்லை” என்று முடித்திருந்தாள்.

17 பிப்ரவரி

பின் அச்சு மாற்றினார்கள். எனக்கு முதுகு வலி.

9 மார்ச்

ஹமத் வந்து சைலன்சரைப் பார்த்தார். சத்தம் குறைவாக இருக்கும் என்று கவலைப்பட்டார். நாங்கள் தைரியம் சொன்னோம்.

22 மார்ச்

தில்லியில் ஆட்சி மாறிவிட்டது என்று ரேடியோ. இங்கே கியர்பாக்ஸ் மாறியது. இரண்டும் புதிது, இரண்டும் எப்படி ஓடும் என்று யாருக்கும் தெரியவில்லை. கார்மேகம் கியர்பாக்ஸைப் பற்றித்தான் ரொம்ப யோசித்தார்.

27 மார்ச், ஞாயிறு

என்ஜின் உயிர் பெற்றது.

முதலில் ஒரு இருமல். பிறகு வந்த சத்தத்தில், அடுத்த கடை டெய்லர் கையில் பிடித்திருந்த சட்டையோடு தெருவுக்கு ஓடி வந்துவிட்டார். கார்மேகம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மைதீன் தகரக் கூரையைப் பார்த்தார், அது அதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஷார்ஜா வரை போய் வந்தோம். கார்மேகம் ஓட்டினார், நான் பக்கத்தில், மைதீன் பின்னால் மடிந்து. ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் தலை பின்னால் போய் மோதுகிறது. மைதீன் வழியெல்லாம் கலிமா சொல்லிக்கொண்டு வந்தார். திரும்பியதும் கார்மேகம் ஒரு குச்சியை டாங்கில் விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்தே வெளியே வந்தது.

“சார், என்ன இது? காலி!”

“பெரிய என்ஜின் அல்லவா.”

“அதுக்கு? கள்ளுக்கடையில உக்காந்த எங்க சித்தப்பன்கூட மூச்சு விடுறதுக்கு நடுவுல நிறுத்துவான். இது நிறுத்தவே இல்லியே!”

இந்த ஊரில் தண்ணீரைவிட பெட்ரோல் மலிவு என்று எடுத்துச் சொன்னேன். “மலிவுன்னா? கீழ ஊத்திறலாமா சார்?” என்று கேட்டார். எனக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. என் காரும் இல்லை, என் பெட்ரோலும் இல்லை. ஆனாலும் எரிந்தது.

மைதீன் மட்டும், “மொதலாளி வீட்டுக் கல்யாணத்துல நீ ஏன்யா இலைய எண்ணுற?” என்றார். சாப்பிடும்போது பார்த்தேன், அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

31 மார்ச்

மைதீன் சாமான் வாங்க நாயிஃப் பக்கம் போயிருந்தபோது, கார்மேகம் என் மேஜைக்கு வந்தார். கதவைப் பார்த்துக்கொண்டார்.

கார்புரேட்டரில் ஜெட் என்று பித்தளையில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதன் நடுத்துளை வழியாகத்தான் பெட்ரோல் என்ஜினுக்குப் போகிறது. துளை பெரிதானால் குடி பெரிது. கார்மேகம் எல்லா ஜெட்டுகளையும் கழற்றி, துளைகளை ஈயம் ஊற்றி அடைத்து, தையல் ஊசியைக் காய்ச்சி, தன் மனசுக்குச் சரியென்று பட்ட அளவில் புதுத் துளை போட்டு மாட்டிவிட்டார். மதுரையில் செய்கிற அதே வேலை.

“மூணுல ஒரு பங்கு மிச்சம் சார். வண்டி இழுவையும் குறையல, பாத்துட்டேன். பாய்ட்ட மட்டும் சொல்லிராதீங்க. அமெரிக்காக்காரன் போட்ட ஓட்டைய அடைச்ச பிச்சைக்காரப் பயன்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சிருவாரு.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த ஊசியைக் காட்டினார். டெய்லரிடம் வாங்கினதாம். ஏழு லிட்டர் அரக்கனை ஒரு தையல் ஊசி வழிக்குக் கொண்டுவந்திருக்கிறது. இதை நான்கு பேரிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது, சொல்ல முடியாது. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

1 ஏப்ரல், வெள்ளி

ஹமத் ஓட்டிப் பார்த்தார். “இப்போதுதான் சத்தம் சுத்தமாக இருக்கிறது” என்றார். கார்மேகம் தரையைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரிக்கிறான் என்று மைதீன் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

4 ஏப்ரல்

இன்று மைதீன்.

கார்மேகம் குளிக்கப் போயிருந்த நேரம். டீயை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “மேனேஜர் சார், ஒரு விசயம். ஒங்க காதோட இருக்கணும்.”

டிஸ்ட்ரிபியூட்டரை அவர் ஒரு நூல் திருப்பி வைத்திருக்கிறார். அப்படிச் செய்தால் ஸ்பார்க் ஒரு கண்ணிமைப்பு முன்னாலேயே அடிக்கும். உள்ளே போன பெட்ரோல் முழுதும் எரிந்து தீரும், புகையாக வீணாகாது. கீழக்கரை பஸ்களில் இப்படித்தான் மைலேஜ் எடுப்பார்களாம்.

“வாயால பேசிட்டேனே தவிர, அந்தக் குச்சி வெறும் குச்சியா வெளிய வந்தது கண்ணுலயே நிக்கிது சார். அந்த ஓடுகாலி மாப்ளைட்ட சொல்லாதீங்க. என் என்ஜினத் தொட்டியான்னு வருவான். ஒரு வாரம் சோறு பொங்க மாட்டான்.”

எல்லைக் கமிஷன் அளித்த தீர்ப்பின்படி டிஸ்ட்ரிபியூட்டர் மைதீனுடையதுதான். சட்டப்படி தவறில்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இருவரும் என்னை நம்பிச் சொல்கிறார்கள். மேனேஜர் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

8 ஏப்ரல், வெள்ளி

ஹமத் பரம சந்தோஷம். கார் இப்போது தொட்டால் பாய்கிறதாம். என் தோளில் தட்டினார். என்.ஓ.சி. காகிதத்தை டைப் அடித்துத் தயாராக வைக்கச் சொன்னார். அடித்துவிட்டேன். பெயர்: நீலா. உறவு: மனைவி. பெயர்: தாமரை. உறவு: மகள். இரண்டு வரி அடிக்க இவ்வளவு நேரம் ஆனதற்கு டைப்ரைட்டரைக் குறை சொல்ல முடியாது.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிடு என்று நீலாவுக்குத் தந்தி அடித்தேன்.

12 ஏப்ரல்

நீலாவின் பதில் தந்தி. “காகிதம் வந்ததும் எழுதிக் கொடுக்கிறேன். கார் ஓடியதும் அல்ல.”

ஆசிரியைகளுக்குத் தந்தியிலும் வார்த்தைச் சிக்கனம் வராது.

15 ஏப்ரல், வெள்ளி

காலைத் தொழுகை முடிந்த கையோடு எல்லோரும் ஜெபல் அலி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். ரோட்டின் இரு பக்கமும் பிக்கப்புகள், கம்பளங்கள், காவா எனும் அரபிக் காப்பி நிறைந்த பிளாஸ்குகள். தூரத்தில் துறைமுகம் கட்டுகிற கிரேன்கள். லீவு நாள் என்பதால் லேபர் கேம்ப் ஆட்களும் கொஞ்சம் பேர் வந்து நின்றார்கள். கார்மேகம் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மைதீன் பானெட்டைத் தொட்டு பிஸ்மில்லாஹ் சொன்னார். பெரியப்பா மகனின் கார் நீலம். அதற்கும் ஒரு மூக்கு இருந்தது, கடையில் வாங்கின மூக்கு.

கிளம்பியதும் எங்கள் கார்தான் முன்னால். நான் கத்தினேன். நான்! “போடா, போடா” என்று ஹமத்தைப் பார்த்துக் கத்தினேன், கஃபீலின் மகனை. நல்லவேளை தமிழில்.

பாதி ரோடு வரை எங்கள் கார் நல்ல முன்னிலை. அப்புறம் ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. டிரங்குப் பெட்டிக்குள் யாரோ கரண்டியைப் போட்டது போல. பின்னால் வெள்ளையாகப் புகை வந்தது, நீலமானது, நிறைய வந்தது. புகைக்குள்ளிருந்து நீலக்கார் வெளியே வந்து போய்விட்டது.

ஹமத் இறங்கி, கதவை அறைந்து, “கலாஸ்” என்றார், முடிந்தது என்று அர்த்தம். பெரியப்பா மகனின் பிக்கப்பில் ஏறிப் போனார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. அது மட்டும் முறைப்படி.

16 ஏப்ரல்

என்ஜினைத் திறந்தார்கள். ஒரு பிஸ்டனின் தலையில் ஓட்டை. உடைந்த ஓட்டை இல்லை. உருகிய ஓட்டை, மெழுகுவர்த்தி உருகுமே அப்படி. விரலை விட்டால் அந்தப் பக்கம் வருகிறது.

கார்மேகம் பிஸ்டனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, “பெட்ரோல் கொஞ்சம் கம்மியாப் போனா சூடு ஏறும், வாஸ்தவம். ஆனா பிஸ்டன் உருகுற அளவுக்கு ஏறாதே. இதுல டைமிங்கும் தப்பா இருந்திருக்கு” என்றார்.

“டைமிங் ஒரு நூல்தான்” என்றார் மைதீன். “ஒரு நூலுக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது. உள்ள பெட்ரோல் பத்தலைன்னாத்தான்...”

நிறுத்திவிட்டார்.

“ஒரு நூலா?” என்றார் கார்மேகம். “யோவ் பாய். என்னய்யா ஒரு நூல்? எவன் வச்சான் நூலு?”

“பெட்ரோல் கம்மியாப் போச்சுங்கிறியே, எப்படிப் போச்சு? மொதல்ல அதச் சொல்லு.”

“ஜெட்ட அடைச்சேன்யா! நல்லதுக்குத்தான அடைச்சேன்! நீ திருப்பப் போறேன்னு தெரிஞ்சா அடைச்சிருப்பேனா?”

“நீ அடைச்சிருக்கேன்னு தெரிஞ்சா நான் திருப்பியிருப்பனா? படுபாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது?”

“சார்ட்ட சொன்னனே!”

“நானுந்தான் சார்ட்ட சொன்னேன்!”

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒன்று தனியாக இருந்தால் கார் தாங்கியிருக்கும், இரண்டும் சேர்ந்ததுதான் வினை என்கிறார்கள். இரண்டும் சேர்ந்து இருந்த ஒரே இடம் என் தலை. பத்திரமாக வைத்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. வாக்குத் தவறாத மனுஷன்—தூ.

அவர்கள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கார்மேகம் கையைத் துடைத்துக்கொண்டு போய் உலை வைத்தார். மைதீனுக்கும் சேர்த்துத்தான் வைத்தார். எனக்கும்.

17 ஏப்ரல்

ஹமத் என்னை மட்டும் கூப்பிட்டார். நான் டைப் அடித்த காகிதம் அவர் மேஜை மேல் இருந்தது, பேனாவும்.

“யார் செய்தது, முதீர்? ஒரு பெயர் சொல். அவனை ஊருக்கு அனுப்புகிறேன். இதில் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.”

என்னிடம் இரண்டு பெயர்கள் இருந்தன. எதைச் சொன்னாலும் பாதி உண்மை. பாதி உண்மைகளால் எழுதப்பட்ட சரித்திரங்களை நான் பரீட்சைக்குப் படித்துத் தேறியிருக்கிறேன். காகிதத்தைப் பார்த்தேன். உறவு: மகள்.

“நான்தான்” என்றேன்.

ஹமத் சிரித்துவிட்டார். கோபத்தில் இருந்தவர், நிஜமாகவே சிரித்தார். “நீயா? ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்பது உண்மைதான். இருந்தாலும் நான்தான் என்று மறுபடி சொன்னேன். அவர் நம்பவில்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பார்த்தோம், அதில் வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன், பெயர்களை விட்டுவிட்டு.

சிரிப்பு நின்றது. “பெட்ரோலையா? இங்கேயா?” ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே மணல் இருந்தது. மணலுக்கு அடியில் இருப்பதைத்தான் காட்டினார். “யார் கேட்டார்கள் உங்களை?”

யாரும் கேட்கவில்லை.

காகிதத்தை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். கிழிக்கவில்லை. “புக்ரா பார்க்கலாம்” என்றார். நாளை என்று அர்த்தம்.

20 ஏப்ரல்

அர்பாப் கூப்பிட்டனுப்பினார். அனுப்பிவிடத்தான் போகிறார் என்று மைதீன் பெட்டியைக்கூட இறக்கி வைத்துவிட்டார். மூன்று பேரும் போனோம். காவா கொடுத்தார். மகனிடம் எல்லாம் கேட்டிருக்கிறார்.

“எவ்வளவு குறைந்தது?” என்றார்.

“அர்பாப்?”

“பெட்ரோல். எவ்வளவு குறைந்தது?”

கார்மேகத்தைப் பார்த்தேன். அவர் மூன்று விரலைக் காட்டி ஒன்றை மடக்கினார். அர்பாப் தாடியைத் தடவினார். “என் டாக்ஸிகளுக்கு இதைச் செய்ய முடியுமா?”

டாக்ஸிகள் அவ்வளவு வேகம் போவதில்லை, இரண்டு வித்தைகளில் ஒன்றை மட்டும் செய்தால் ஆபத்தில்லை என்று கார்மேகம் சொன்னதை நான் சொன்னேன். நாளைக்கே ஆரம்பிக்கச் சொன்னார். இருவருக்கும் சம்பளம் கூட்டினார். மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், காவா சூடு என்றார்.

மற்றவர்கள் எழுந்த பிறகு என்.ஓ.சி.யைப் பற்றிக் கேட்டேன்.

“அது ஹமத் பார்ப்பது” என்றார் அர்பாப், அன்பாக. “நான் தலையிட்டால் பையனுக்கு எப்படிப் பொறுப்பு வரும்?”

23 ஏப்ரல்

ஹமத்: புக்ரா.

26 ஏப்ரல்

புக்ரா, இன்ஷா அல்லாஹ்.

28 ஏப்ரல், வியாழன்

ஆபீஸ் பூட்டியிருந்தது. கோடைக்கு லண்டன் போய்விட்டாராம். வேறு கார் பார்க்கிற உத்தேசமும் உண்டு. செப்டம்பரில் வருவார். டிராயர் சாவி அவரிடம்.

நாளை மறுநாள் பள்ளி மூடுகிறது. நீலாவுக்குத் தந்தி அடிக்கப் போனேன். என்ன எழுதுவது என்று கௌண்டரில் நின்று யோசித்தேன். பின்னால் நின்றவர், “அண்ணே, சீக்கிரம், எனக்கு டூட்டி” என்றார். “லீவு வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்தேன்.

14 மே

கமாரோவைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். டாக்ஸிகள் நிற்க இடம் வேண்டும் என்று பின் முற்றத்துக்குத் தள்ளினோம். தள்ளுவதற்கு ஐந்து பேர் தேவைப்பட்டது. “நிக்கிறப்ப ஒரு சொட்டு குடிக்கல பாத்தீங்களா” என்றார் கார்மேகம். மைதீன் சிரித்தார். நானும்.

2 ஜூன்

ஊசி போதவில்லை. கார்மேகம் டெய்லரிடம் ஒரு பெட்டி வாங்கினார்.

12 ஜூன், ஞாயிறு

நீலாவின் கடிதம். பள்ளி திறந்துவிட்டது. அவளுக்கு இந்த வருஷமும் எட்டாம் வகுப்பு. தாமரையை அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாகிவிட்டது. விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்திட வேண்டிய இடத்தில் என் மாமனார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.